ஐம்பது தாம்பூலப் பை: கொலுவுக்குக் கையால் எதைச் செய்து, எதில் போட்டுக் கொடுப்பது?

போன வருடம் கொலு முடிந்து பொம்மைகளைப் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கும்போது, வந்து சேர்ந்த ரவிக்கைத் துணிகளையும் எண்ணிப் பார்த்தேன். முந்தைய வருடங்களின் மிச்சத்தோடு சேர்த்து 23. அதில் ஊதா நிறத் துணி ஒன்றை எடுத்ததும் சிரிப்பு வந்துவிட்டது. ஓரத்தில் பச்சை ஸ்கெட்ச் பேனாப் புள்ளி. இரண்டு வருடத்துக்கு முன்னால் என் மகள் வைத்த புள்ளி. நான்தான் அதை எங்கள் தெருக் கடைசி வீட்டுக்குத் தாம்பூலத்தோடு கொடுத்தேன். அது எத்தனை வீட்டுக் கொலுவைப் பார்த்துவிட்டு வந்ததோ, மடிப்புக் கலையாமல் வந்து சேர்ந்திருந்தது.

கொடுத்தது போன இடத்திலேயே நிற்க வேண்டும் என்றால், ஒன்று தீர்ந்துபோக வேண்டும், அல்லது தினம் கைக்கு வர வேண்டும். இந்த ஒரு அளவுகோலை வைத்துக்கொண்டுதான் இந்த முறை கையால் செய்யக்கூடியவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். திருச்சியில் எங்கள் வீட்டுக் கொலுவுக்கு ஒன்பது நாளில் ஐம்பது பேர் வருவார்கள். நான் வேலைக்குப் போகிறவள். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், பூ, பழம், தேங்காய் ஆகியவற்றில் கைவைக்க முடியாது, அத்தையும் விடமாட்டார். மாற்றக்கூடியது இரண்டுதான்: கூட வைக்கிற பொருள், அதைப் போட்டுக் கொடுக்கிற பை.

முதலில் பொருள்.

சோப்புதான் முதலில் மனதில் வந்தது. வேப்பிலை, குப்பைமேனி என்று போட்டு வீட்டில் செய்யும் சோப்புக்கு இப்போது நல்ல மரியாதை. ஆனால் காஸ்டிக் சோடா இல்லாமல் சோப்பு இல்லை. 500 கிராம் தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாற ஏறக்குறைய 91 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். தனித் தேங்காய் எண்ணெய்ச் சோப்பு தோலை வறட்டும் என்பதால், ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் மாறாமல் நிற்கட்டும் என்று 73 கிராமோடு நிறுத்துவார்கள். இதைக் கண்ணளவில் போட முடியாது, கிராம் தராசு கட்டாயம். காஸ்டிக் சோடாவைத்தான் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். அதன் மேல் தண்ணீரை ஊற்றினால் சட்டென்று கொதித்து மேலே தெறிக்கும். அலுமினியப் பாத்திரத்தை அரித்துவிடும், எவர்சில்வர்தான் சரி. ஊற்றி வைத்தபின் நான்கு முதல் ஆறு வாரம் காற்றாட வைக்க வேண்டும். மகாளய அமாவாசைக்கு மறுநாள் கொலு தொடக்கம் என்றால் ஆவணி பிறந்ததுமே சோப்பு அச்சில் இருக்க வேண்டும். 500 கிராம் எண்ணெயில் ஏழு கட்டி வந்தால் அதிகம். ஐம்பது கட்டிக்குக் கணக்குப் போட்டேன். மூன்றரைக் கிலோ எண்ணெய். தேங்காய் எண்ணெய் விற்கிற விலையில் அதற்குப் பதிலாக ஆளுக்கு ஒரு தேங்காய் கூடுதலாகக் கொடுத்துவிடலாம். சின்னப் பிள்ளைகள் ஓடுகிற வீட்டில் காஸ்டிக் சோடாவை வைத்துக்கொள்ளவும் எனக்கு மனம் வரவில்லை. கடையில் விற்கிற சோப்புக் கட்டியை உருக்கி அச்சில் ஊற்றுவது சுலபம், ஒரே நாளில் முடியும். ஆனால் அதில் என் கை வேலை எங்கே இருக்கிறது என்று நானே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.

மெழுகுவத்தியும் அதே கதை. உருக்கி ஊற்றிவிடலாம், பார்க்க அழகு. வாங்குகிறவர்கள் அழகாக இருக்கிறதே என்று ஏற்றவும் மாட்டார்கள். ஷோகேஸில் நின்று தூசி படியும்.

குரோஷா, எம்ப்ராய்டரி எல்லாம் ஐந்து பேருக்குக் கொடுக்கிறவர்களுக்கு. ஐம்பது என்று உட்கார்ந்தால் பதினைந்தாவதில் கை வலி, இருபதாவதில் கோபம். முதலில் செய்ததும் கடைசியில் செய்ததும் ஒரே ஊரில் பிறந்தவை போலவே இருக்காது.

அகல் விளக்குக்கு வண்ணம் தீட்டுவது கொஞ்சம் யோசிக்க வைத்தது. காரணம் காலண்டர். நவராத்திரி முடிந்ததும் தீபாவளி, அதற்கப்புறம் திருக்கார்த்திகை. கொடுத்த விளக்கு இரண்டு மாதத்துக்குள் நிச்சயம் ஏற்றப்படும், எந்தப் பெட்டிக்குள்ளும் போய்ப் படுக்காது. பிள்ளைகளும் உதவலாம். ஆனால் இணையத்தில் காட்டுகிற மாதிரி உள்ளேயும் வெளியேயும் அக்ரிலிக் பூசி, ஜிகினா ஒட்டி, முத்து பதித்துக் கொடுத்தால் அது விளக்கு இல்லை. எண்ணெய் நிற்கிற உட்புறத்திலும் திரி தொடுகிற மூக்கிலும் வண்ணம் படவே கூடாது. எண்ணெயில் ஊறி உரியும், சுடரில் கருகி நாறும். வெளிப்புறம் மட்டும் காவியில் பூசி, வெள்ளையில் நாலு கோடு இழுத்தால் போதும். மண் விளக்கு புதிதில் எண்ணெயைக் குடிக்கும். அதனால் ஏற்றுவதற்கு முன் சில மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைக்க வேண்டும். இதை ஒரு சீட்டில் எழுதி விளக்குக்குள் வைத்துவிட்டால், வாங்குகிறவர்கள் கடையில் வாங்கியது இல்லை என்று புரிந்துகொள்வார்கள். ஒரு மணி நேரத்தில் இருபது விளக்கு முடிந்துவிடும். நூறு பேர் வருகிற வீடு என்றால் நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

செடி கொடுப்பது கேட்க நன்றாக இருக்கிறது. விதை போட்டு வளர்க்கிற துளசிக்கு ஒன்றரை மாதம் கண்ணும் கருத்துமாக இருக்க வேண்டும். கற்பூரவல்லி சுலபம், நாலு விரல் நீளத்துக்குக் கிள்ளி நட்டால் இரண்டு மூன்று வாரத்தில் வேர் பிடித்துவிடும், சளி பிடித்த பிள்ளைக்கு இலையும் ஆகும். கொட்டாங்குச்சியில் ஓட்டை போட்டு வைத்தால் தொட்டிச் செலவும் இல்லை. ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்குப் பட்டுப்புடவையோடு நாலு வீடு ஏறி இறங்குகிற பெண்ணின் கையில் ஈர மண்ணைக் கொடுப்பது உபகாரமா, உபத்திரவமா? பால்கனி இல்லாத வீட்டுக்காரர்கள் அதை வைத்துக்கொண்டு முழிப்பார்கள். தோட்டம் இருக்கிற இரண்டு பேருக்குத் தனியாகக் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

இனி சாப்பிடுகிற சரக்கு. கையால் செய்த பரிசு என்றாலே எனக்கு முதலில் நம்பிக்கை வருவது இதில்தான், ஏனென்றால் தீர்ந்துபோகும். மாலாடு சுலபம். பொட்டுக்கடலையையும் சர்க்கரையையும் பொடித்து, சூடான நெய்யை ஊற்றிப் பிடித்தால் முடிந்தது. கடலை உருண்டைக்குப் பாகு பதம் தெரிய வேண்டும். தண்ணீரில் விட்ட சொட்டை உருட்டித் தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் வர வேண்டும். அதற்கு ஒரு நிமிடம் முந்தினால் உருண்டை பிசுபிசுக்கும், ஒரு நிமிடம் பிந்தினால் பிடிக்கவே வராது. ஆனால் இனிப்பில் எனக்கு ஒரு தயக்கம். நவராத்திரியில் வீட்டுக்கு வீடு சுண்டல், பாயசம், புட்டு என்று ஏற்கெனவே நிரம்பி வழியும். வருகிறவர்களில் பாதிப் பேர் சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள். அன்போடு பிடித்த மாலாடு அடுத்த நாள் வேலைக்கார அக்காவுக்குப் போகும். அங்கே அது சந்தோஷமாகச் சாப்பிடப்படும் என்பது வேறு விஷயம்.

பொடி அப்படி இல்லை. பருப்புப் பொடி வேண்டாம் என்று சொல்கிற தமிழ் வீட்டை நான் பார்த்ததில்லை. வேலைக்குப் போய்விட்டு வந்து குழம்பு வைக்க முடியாத ஒரு ராத்திரியில், சூடான சாதம், நெய், இரண்டு ஸ்பூன் பொடி. அன்றைக்கு உங்களை நினைத்துக்கொள்வார்கள். அளவு என்றால் துவரம்பருப்பு இரண்டு பங்கு, பொட்டுக்கடலை ஒரு பங்கு, மிளகாய் வற்றல், மிளகு, பெருங்காயம், உப்பு. வீட்டுக்கு என்றால் பூண்டும் போடுவேன். இது பண்டிகை நாளில் கொடுப்பது, விரதக்காரர்களும் வாங்குவார்கள் என்பதால் பூண்டு கிடையாது. ஒன்றை மறக்க வேண்டாம். கடையில் விற்கிற கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர் யாராவது வருவார்கள் என்றால் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

ஆளுக்கு 100 கிராம் என்றால் ஐம்பது பேருக்கு 5 கிலோ பொடி. மில்லில் கொடுத்தால் பத்து நிமிட வேலைதான், ஆனால் உங்களுக்கு முன்னால் அங்கே யாருடைய மிளகாய்த்தூள் அரைபட்டதோ அதன் மிச்சமும் உங்கள் பொடியில் வந்து சேரும். வீட்டு மிக்ஸியில் கால் கிலோ வீதம் இருபது தடவை ஓட்ட வேண்டும். நாலு தடவைக்கு ஒருமுறை மிக்ஸி சூடாகிவிடும், விட்டுவிட்டுத்தான் அரைக்க முடியும். இரண்டு சாயங்காலம் போய்விடும். வறுத்த பருப்பு நன்றாக ஆறாமல் அரைக்கக் கூடாது, அரைத்த பொடி ஆறாமல் பாட்டிலில் போடக் கூடாது. மூடியின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் அந்தப் பாட்டில் பத்து நாளில் பூஞ்சை பிடிக்கும். பாட்டிலைக் கழுவி ஒரு நாள் முழுக்க வெயிலில் கவிழ்த்து வைத்தால் ஒரு மாதம் வரைக்கும் கவலை இல்லை.

ஆக, பொருள் பருப்புப் பொடி என்று முடிவாயிற்று. பாடல் பாட வருகிற சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் தனியாக வண்ணம் தீட்டிய அகல்.

பை விஷயத்தில்தான் நான் சூடுபட்டவள். மூன்று வருடத்துக்கு முன்னால் ஆசை ஆசையாகப் பழுப்புக் காகிதத்தில், அதாவது பள்ளிக்கூட நோட்டுக்கு அட்டை போடுகிற அதே பிரவுன் பேப்பரில், நாற்பது பை மடித்தேன். வெள்ளையில் கோலம் இருந்தால் நன்றாக இருக்குமே என்று மாக்கோலம் போடுகிற அரிசி மாவுக் கரைசலிலேயே ஏழு புள்ளிக் கோலம் போட்டேன். காய்ந்ததும் கண்ணைப் பறித்தது. மடித்தவுடன் மடிப்பு மடிப்பாக உதிர்ந்தது. அடுக்கி வைத்த இடத்துக்கு இரண்டாம் நாள் எறும்பு வந்தது. (போஸ்டர் கலர் வெள்ளையும் காது குடையும் பட்ஸும் போதும் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.) அது கூடப் பரவாயில்லை. முதல் நாள் சாயங்காலம் மேல் மாடி அக்கா தாம்பூலம் வாங்கிக்கொண்டு படியேறினார். தண்ணீர் தெளித்து வைத்திருந்த வெற்றிலையின் ஈரம் காகிதத்தின் அடியை ஊறவைத்துவிட்டது. தேங்காய் அடியைப் பிய்த்துக்கொண்டு விழுந்து, படிப்படியாகக் குதித்து, கீழ் வீட்டு வாசலில் போய் நின்றது. குங்குமப் பொட்டலம் அவிழ்ந்து அவருடைய வெளிர் மஞ்சள் புடவையில் கொட்டியது. "பரவால்ல விடும்மா, மங்களகரமாத்தான் இருக்கு" என்றார். அந்தப் புடவையை அதற்கப்புறம் அவர் கட்டி நான் பார்க்கவில்லை.

அதனால் எந்தப் பையாக இருந்தாலும் என்னுடைய முதல் கேள்வி அழகு இல்லை. உரித்த தேங்காய் ஒன்று அரைக் கிலோ, கண்ணாடிப் பாட்டிலோடு பொடி கால் கிலோ, இரண்டு வாழைப்பழம், ஈர வெற்றிலை. எல்லாம் சேர்ந்தால் ஒரு கிலோவைத் தொடும். அதைத் தாங்குமா?

செய்தித்தாள் பை அங்கேயே தோற்றுவிடுகிறது. மை வேறு. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 ஆம் ஆண்டு விதிகள், செய்தித்தாளில் உணவைச் சுற்றக் கூடாது என்றே சொல்கின்றன. நோன்புச் சரடு மாதிரிக் காய்ந்த சாமான்களுக்குப் பயன்படுத்தலாம், பழத்துக்கும் வெற்றிலைக்கும் வேண்டாம். பளபளவென்று இருக்கிற கிஃப்ட் பேப்பரைப் பற்றி ஒரே வரி: கையில் கசக்கிப் பாருங்கள், கசங்கியபடியே இருந்தால் காகிதம், தானாக விரிந்துகொண்டால் அது பிளாஸ்டிக். கடையில் கட்டுக் கட்டாக விற்கிற, துணி மாதிரியே இருக்கும் 'நான் ஓவன்' பையும் பாலிப்ரொப்பிலீன்தான். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்து, 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் தொடங்கியபிறகு, தாம்பூலத்துக்கு மஞ்சப்பை கொடுப்பது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. தாங்கும், துவைக்கலாம், காய் வாங்கப் போகலாம். பெயரை அச்சடிக்காமல் இருந்தால் இன்னும் நல்லது. 'இன்னார் இல்லத் திருமணம்' என்று போட்ட பையை எவ்வளவு பேர் திருப்பிப் போட்டுக்கொண்டு கடைக்குப் போகிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா?

பனை ஓலைப் பெட்டி எல்லாவற்றிலும் அழகு, சந்தேகமே இல்லை. செட்டிநாட்டில் கல்யாணம், சாந்தி என்றால் ஓலைக் கொட்டானில் வைத்துக் கொடுப்பது பழைய வழக்கம். செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. தென்மாவட்டங்களில் கருப்பட்டியும் பண்டமும் ஓலைப் பெட்டியில்தான் ஊர்விட்டு ஊர் போயின. நானே முடைந்து பார்த்தேன். முதல் பெட்டிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்கப் போயிற்று, வந்தது பெட்டியா கூடையா என்று வீட்டில் விவாதம் நடந்தது. முடைகிறவர்களிடம் வாங்குவதுதான் நியாயம். கையால் செய்தது என்றால் என் கையாக இருந்தே ஆக வேண்டும் என்று என்ன சட்டம்? ஆனால் ஐம்பது வாங்க என் பட்ஜெட் இடம் கொடுக்காது. இன்னொன்று, புரட்டாசி ஐப்பசி மழையில் ஓலை ஈரம் வாங்கிப் பூஞ்சை கட்டும். நிழலில் உலர்த்தித்தான் எடுத்து வைக்க வேண்டும். பத்துப் பேர் வருகிற வீடு என்றால், கொட்டானில் வாழையிலை விரித்து மாலாடு வைத்துக் கொடுங்கள். அதற்கு மிஞ்சியது இல்லை.

துணி இரண்டு வகை. தைக்காமல் முடிச்சுப் போடுவது ஒன்று. ஜப்பானியர்கள் இதை ஃபுரோஷிகி என்கிறார்கள், வீடியோக்கள் நிறைய. சதுரத் துணியின் மூலைக்கு மூலை நீளம், பொருளின் நீளத்தைப்போல மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்பது கணக்கு. எங்கள் பாட்டி நெல்லையும் புளியையும் மூட்டை கட்டியது எந்தக் கணக்கில் என்று தெரியாது, ஆனால் அவிழ்ந்ததாக நினைவில்லை. தையல் மெஷின் இல்லாதவர்களுக்கு இது வசதி. குறை என்னவென்றால் ஆளுக்கு ஒரு முழு ரவிக்கைத் துணி வேண்டும். முடிச்சை அவிழ்த்ததும் அது மறுபடி ரவிக்கைத் துணியாகிவிடும், இஸ்திரி போட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடும்.

இன்னொன்று சுருக்குப் பை. பழைய காட்டன் புடவையில் தைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். 30 செ.மீ. அகலம், 80 செ.மீ. நீளம் என்று வெட்டி இரண்டாக மடித்தால் தேங்காய் உட்காரும் பை வரும். ஐந்தரை மீட்டர் புடவையில் 18 பை. அத்தை ஒரே வார்த்தையில் நிறுத்திவிட்டார். "கட்டின புடவையில தாம்பூலம் கொடுப்பாளா யாராவது?" வாதாடலாம்தான். ஆனால் வாங்குகிறவர்களில் நாலு பேராவது அப்படியே நினைப்பார்கள், வாங்குகிறவருக்கு நெருடலாக இருந்தால் அப்புறம் என்ன பரிசு. தீபாவளிக்குப் பலகாரம் கொடுக்க, பிறந்தநாளுக்குப் புத்தகம் கட்ட என்றால் புடவைப் பை அருமை. இழுத்துப் பார்த்து இழை விலகாத இடமாக வெட்டிக்கொள்ள வேண்டும். கால்பட்டுத் தேய்ந்த ஓரத்தையும், பட்டுப்புடவையின் மடிப்பையும் நம்பக் கூடாது.

அப்போதுதான் பீரோவில் இருந்த அந்த 23 ரவிக்கைத் துணிகள் கண்ணில் பட்டன. புதுத் துணி, யாரும் கட்டாதது. ஒவ்வொன்றும் 80 செ.மீ. நீளம், 90 செ.மீ. அகலம். குறுக்கே மூன்றாக வெட்டினால் மூன்று பை. பதினேழு துணியில் 51 பை வந்துவிடும்! அத்தையும் மறு பேச்சுப் பேசவில்லை. கையில் பிடித்தால் விரல் தெரிகிற மாதிரி மெல்லியதாக இருந்த ஆறு துணிகளைத் தள்ளிவைத்துவிட்டேன். ஒரு பையை மாதிரிக்குத் தைத்து, தேங்காயும் தண்ணீர் நிரப்பிய பாட்டிலும் போட்டு, ஒரு ராத்திரி முழுக்கக் கதவுக் கைப்பிடியில் மாட்டி வைத்தேன். ஓரத் தையலை இரண்டு ஓட்டு ஓட்டியிருந்ததால் காலையில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. சுருக்குக்குப் பாவாடை நாடாதான், பைக்கு முக்கால் மீட்டர். நாடாவை மஞ்சள் தண்ணீரில் முக்கி எடுத்தால் என்ன என்று தோன்றியது. துவைக்கும்போது சோப்புப் பட்டதும் மஞ்சள் சிவப்பாக மாறும் என்பதால் விட்டுவிட்டேன்.

நேரக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொன்றாக வெட்டித் தைத்தால் பைக்குப் பதினைந்து நிமிடம், மொத்தம் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல். எல்லாத் துணியையும் ஒரே நாளில் வெட்டி, அடுத்த நாள் எல்லா ஓரத்தையும் அடித்து, அப்புறம் எல்லா வாயையும் மடித்துத் தைத்தால் பாதியாகக் குறைகிறது. மெஷின் இல்லாதவர்கள் வெட்டி மட்டும் வைத்துக்கொண்டு தெருத் தையல்காரரிடம் ஆவணியிலேயே கொடுத்துவிடுங்கள். புரட்டாசி பிறந்துவிட்டால் அவர் தீபாவளித் துணிக்குப் போய்விடுவார், பிறகு உங்களைத் திரும்பியும் பார்க்க மாட்டார். பொடியைக் கடைசி வாரத்தில் அரைத்தால் போதும்.

ஊதாத் துணியில் மூன்று பை வந்தது. பச்சைப் புள்ளி ஒன்றின் அடி மூலையில் சரியாக உட்கார்ந்திருக்கிறது. அதை மட்டும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், தெருக் கடைசி வீட்டுக்கு.